லெஃப்ட்டா... ரைட்டா?

திருவொற்றியூர்ல இருந்து ஒரு கடிதம். எழுதினவர் பாலிடெக்னிக் ஃபைனல் இயர், மெக்கானிக்கல். 'சார், எங்க அக்காவுக்கு துபாய்ல நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு. எங்க குடும்பத்துலயே ஃப்ளைட் ஏறப்போற முதல் ஆள். அகமதாபாத் விபத்தை டி.வி.யில பார்த்ததுல இருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்ல. பறக்கும்போது இன்ஜின் கெட்டுப்போனா பைலட் என்ன பண்ணுவாரு? அம்மாவுக்குப் புரியுற மாதிரி எழுதுங்க. எனக்கும் தெரியாது, அதான் மேட்டர்!'

முதல்ல அகமதாபாத்தைப் பேசிடுவோம். 2025 ஜூன் 12. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் போய்விட்டார்கள். கீழே விடுதியில் இருந்த மாணவர்களும் இறந்தார்கள். தரையை விட்டு எழும்பின சில நொடிகளில் ரெண்டு இன்ஜினுக்கும் எரிபொருள் நின்றுபோனது என்று முதற்கட்ட அறிக்கை சொன்னது. உயரமும் இல்லை, நேரமும் இல்லை. அப்படி நடப்பது அபூர்வத்திலும் அபூர்வம். நம்ம கடிதக்காரர் கேட்பது, பறக்கும்போது ஒரு இன்ஜின் மக்கர் பண்ணினால் என்ன என்பது. அது வேற கதை. பெரும்பாலும் சுபமாக முடியும் கதை.

அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்க. காசிமேட்டுல கடலுக்குப் போய்வர்ற யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, நடுக்கடல்ல இன்ஜின் நின்னா போட்டு மூழ்காது. அலையில ஆடிக்கிட்டே கிடக்கும். விமானம் அப்படிக் கிடக்க முடியாதுதான். ஆனா, கல்லு மாதிரி விழவும் விழாது. அதைத் தூக்கிப் பிடிக்கிறது இன்ஜின் இல்லை, றெக்கை. இன்ஜின் வேகத்தைக் கொடுக்குது, அந்த வேகத்தில் றெக்கை தூக்குது. இன்ஜின் நின்னா மூக்கை லேசா கீழே சாய்ச்சு, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாச் செலவு பண்ணி வேகத்தை வாங்கிக்கலாம். சைக்கிள்ல பாலத்து மேல ஏறிட்டு, இறங்கும்போது பெடல் மிதிக்காம வர்றோமில்ல, அதே டெக்னிக். பெரிய ஜெட் ஒண்ணு ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழக்குறதுக்குள்ள சுமார் 15 கிலோமீட்டர் முன்னால போயிடும். எண்ணூர் கடலுக்கு மேல 11 கிலோமீட்டர் உயரத்தில் எல்லா இன்ஜினும் நின்னுபோச்சுன்னு வெச்சுக்குங்க, காகிதக் கணக்குப்படி பாண்டிச்சேரி வரைக்கும் சறுக்கிக்கிட்டே போகலாம்.

கணக்கு மட்டுமில்லை, நடந்தும் இருக்கு. 2001 ஆகஸ்ட் 24, டொரான்டோவில் இருந்து லிஸ்பன் போன ஏர் டிரான்சாட் விமானத்தில் எரிபொருள் கசிந்து, அட்லான்டிக் கடலுக்கு மேலே ரெண்டு இன்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. 306 பேர். சுமார் 19 நிமிஷம் சத்தமே இல்லாமல் சறுக்கி, அசோர்ஸ் தீவில் ஒரு ரன்வேயில் போய் இறங்கினார்கள். எல்லாரும் பிழைத்தார்கள்.

ஒரு இன்ஜின் மட்டும்னா இன்னும் சுலபம். ரெண்டு இன்ஜின் விமானம் எதுவா இருந்தாலும், டேக் ஆஃப்ல குறிப்பிட்ட ஒரு வேகத்தைத் தாண்டின பிறகு ஒண்ணு செத்தாலும், மீதி ஒண்ணை வெச்சு மேலே ஏறிச் சுத்தி வந்து இறங்க முடியணும். அதைப் பறந்து காட்டினால்தான் லைசென்ஸ். பைலட்டுகளும் சிமுலேட்டர்ல வருஷா வருஷம் இதைப் போட்டு உருட்டி எடுக்கிறாங்க. உண்மையான வானத்துல ஒரு தடவைகூட இன்ஜின் நிக்காம ரிட்டயர் ஆகுற பைலட்டுகள் நிறைய பேர்.

நம்ம ஏரியா பசங்களுக்காக ஒரு சின்ன தகவல். அந்த இன்ஜின் குடிக்கிறது வேற ஒண்ணுமில்லை, நல்லா சுத்திகரிச்ச மண்ணெண்ணெய்தான். மணலி ரிஃபைனரியில் தயாராகி, பூமிக்கு அடியில குழாய் வழியாவே மீனம்பாக்கம் போகுது. ராத்திரி தேரடி பக்கம் இருந்து பார்த்தா எரியுற மணலி நெருப்பு தெரியுமே, அதே இடம். அக்கா ஏறுற விமானத்துக்கும் அங்கிருந்து கொஞ்சம் போகலாம்.

சரி, எல்லாமே சுபம்னு சொன்னா அது பொய். 'பத்ரகாளி' படம் பார்த்திருப்பீங்க, இல்லேன்னா உங்க அம்மா பார்த்திருப்பாங்க. அதில் சிவகுமாருக்கு ஜோடியா நடிச்ச ராணி சந்திரா, படம் ரிலீஸாவதைப் பார்க்கவே இல்லை. 1976 அக்டோபர் 12, பம்பாயில் இருந்து மெட்ராஸ் கிளம்பின இந்தியன் ஏர்லைன்ஸ் கேரவல் விமானத்தில் இருந்தார். மேலே ஏறினதும் ஒரு இன்ஜினுக்குள் வேகமாகச் சுழல்கிற டிஸ்க் ஒன்று, உலோகம் களைத்துப்போய் உடைந்து, உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எரிபொருள் குழாய் அறுந்து தீ. திரும்பி வந்து இறங்கப் பார்த்தார்கள். தீ, விமானத்தைக் கட்டுப்படுத்துகிற ஹைட்ராலிக் சிஸ்டத்தையும் தின்றுவிட்டது. ரன்வேயைத் தொடும் முன்பே விழுந்து 95 பேரும் இறந்தார்கள். படத்தின் மீதிக் காட்சிகளை வேறொரு பெண்ணை வைத்து முடித்தார்கள். அந்த ஃப்ளைட்டின் எண்ணும் 171. அகமதாபாத் விமானத்தின் எண்ணும் 171. இதில் அமானுஷ்யம் தேடாதீங்க ப்ளீஸ், வெறும் எண்.

அதே மாதிரி டிஸ்க் 2010 நவம்பர் 4-லும் உடைந்தது. சிங்கப்பூரில் இருந்து சிட்னி கிளம்பின குவாண்டாஸின் பிரம்மாண்டமான ஏ380. றெக்கையில் ஓட்டை, ஒயர்கள் அறுந்து, காக்பிட் திரையில் எச்சரிக்கை மேல எச்சரிக்கை. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினியையும் சேர்த்து அன்னைக்கு காக்பிட்டில் 5 பைலட்டுகள். அவங்க அவசரப்படலை. ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வானத்திலேயே வட்டமடித்து, ஒவ்வொண்ணா வாசிச்சு, ஒருத்தரை ஒருத்தர் கேட்டு, எது கெட்டது என்பதை விட எது இன்னும் வேலை செய்யுதுன்னு எண்ணிப் பார்த்து, அப்புறம்தான் இறங்கினாங்க. 469 பேரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள். 1976-ல கேரவல்காரங்களுக்கு அந்த நேரம் கிடைக்கலை, அதை மறந்துடக் கூடாது. ஆனா நேரம் கிடைச்சா அதை என்ன பண்றதுங்கறதுதான் இன்னிக்கு மேட்டர்.

பைலட் என்ன பண்ணுவார்? பதிலைக் கேட்டா ஏமாந்துடுவீங்க. முதல்ல ஒண்ணுமே பண்ண மாட்டார்! அதாவது, விமானத்தை நேரா ஓட்டுறதைத் தவிர. ஒரு பக்கம் இன்ஜின் போச்சுன்னா மூக்கு அந்தப் பக்கம் இழுக்கும். எதிர்ப்பக்கத்துக் காலால அழுத்தி நேரா பிடிக்கணும். பைலட் பள்ளிக்கூடங்களில் முதல் பாடம்: முதல்ல ஓட்டு, அப்புறம் எங்கே போறேன்னு பாரு, அதுக்கு அப்புறம் ரேடியோவுல பேசு. மேடே, மேடேன்னு சினிமாவுல முதல் சீன்லயே கத்துவாங்களே, அது நிஜத்துல மூணாவதுதான். ஏர்பஸ்ல டேக் ஆஃப் ஆகி 400 அடி உயரம் போற வரைக்கும் எந்த ஸ்விட்சையும் தொடாதேன்னு எழுதியே வெச்சிருக்காங்க.

அதுக்கு அப்புறம் வருது அந்தக் குட்டி நாடகம். ஒருத்தர் ஓட்டுவார், இன்னொருத்தர் கவனிப்பார். எந்த இன்ஜின்னு மீட்டர்களைப் பார்த்து முடிவு பண்றாங்க. கெட்டுப்போன இன்ஜினோட லீவர்ல கையை வெச்சு, ஆனா இழுக்காம, 'நம்பர் டூ, கன்ஃபர்ம்?'னு கேட்கணும். பக்கத்து சீட்காரர் தன் கண்ணால பார்த்து, 'கன்ஃபர்ம்'னு சொன்னாத்தான் இழுக்கலாம். எரிபொருளை அடைக்கிற ஸ்விட்சுக்கும் அதே கேள்வி, அதே பதில். தீயணைக்கிற பட்டனுக்கும் அதே. 20 வருஷ சர்வீஸ் கேப்டன், நேத்து சேர்ந்த கோ பைலட்டைப் பார்த்து 'சரியா?'ன்னு கேட்கிறார்! அந்தச் சின்னப் பையன் 'இல்ல சார்'னு சொல்லலாம். சொல்லணும். அதுக்குத்தான் அவனுக்கு அந்த சீட்.

ஏன் இவ்வளவு பில்டப்? ரெண்டு இன்ஜின்ல எது கெட்டதுன்னு தெரியாதா என்ன?

தெரியாமப் போயிருக்கு. நம்ம ஊர்லயே. 2017 ஜூன் 21, டெல்லியில் இருந்து மும்பை கிளம்பின கோஏர் ஏ320. 150-க்கும் மேற்பட்ட பயணிகள். ரன்வேயில் ஓடும்போதே வலது இன்ஜினில் பறவை மோதிவிட்டது. சத்தம், நடுக்கம். மேலே ஏறினார்கள். ஏறினதும் இடது இன்ஜினை அணைத்தார்கள். ஆமாம், நல்லா ஓடிக்கிட்டிருந்த இடது இன்ஜினை! அடிபட்ட இன்ஜினை மட்டும் நம்பி, இத்தனை பேரோட விமானம் டெல்லிக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. நல்லவேளையா தப்பைக் கண்டுபிடிச்சு, அணைத்ததை மறுபடி ஸ்டார்ட் பண்ணி, டெல்லியிலேயே பத்திரமா இறங்கிட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. இன்ஜினைத் தப்பாக அடையாளம் கண்டதும், வகுத்து வைத்த முறையைப் பின்பற்றாததும்தான் காரணம்னு விசாரணை அறிக்கை சொன்னது.

அவங்களைத் திட்டுறது ஈஸி. டீக்கடையில உட்கார்ந்து நாமளும் திட்டுவோம். ஆனா பயத்துல கை, மூளையை முந்திக்கும். பரீட்சை ஹால்ல சரியான விடையை அடிச்சிட்டு தப்பான விடையை எழுதிட்டு வந்த அனுபவம் உங்களுக்கு இல்லையா?

டெல்லியில் அதிர்ஷ்டம் இருந்தது. இங்கிலாந்தில் இல்லை. 1989 ஜனவரி 8, லண்டனில் இருந்து பெல்ஃபாஸ்ட் போன பிரிட்டிஷ் மிட்லண்ட் போயிங் 737. இடது இன்ஜினில் ஒரு விசிறித் தகடு உடைந்தது. நடுக்கம், புகை நாற்றம். எந்த இன்ஜின்னு கேப்டன் கேட்கிறார். கோ பைலட் சொன்ன பதில் காக்பிட் ரெக்கார்டரில் பதிவாகியிருக்கு. லெஃப்ட்டுன்னு சொல்ல ஆரம்பிச்சு, பாதி வார்த்தையிலேயே நிறுத்தி, ரைட்டுன்னு மாத்திச் சொல்றார். வலது இன்ஜினை அணைத்தார்கள். அதுதான் நல்ல இன்ஜின்.

இதுக்கு மேலதான் விதியோட குசும்பு. வலதை அணைத்ததும் நடுக்கமும் புகையும் குறைஞ்சுபோச்சு! தற்செயல்தான். அந்த நேரத்தில் இடது இன்ஜினுக்குப் போன எரிபொருளும் குறைஞ்சதுனால அது கொஞ்ச நேரம் அடங்கி இருந்தது. காக்பிட்டில் நிம்மதி. கேப்டன் மைக் எடுத்து, வலது இன்ஜினில் கோளாறு, அணைத்தாச்சு, இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கப்போறோம்னு பயணிகளுக்குச் சொன்னார்.

பின்னால் உட்கார்ந்திருந்த பலர் ஜன்னல் வழியா இடது இன்ஜினில் இருந்து தீப்பொறி பறந்ததைப் பார்த்திருந்தார்கள். விமானப் பணியாளர்களில் மூணு பேர் பார்த்திருந்தார்கள். பயணிகளில் பலர் கேப்டன் 'ரைட்'டுன்னு சொன்னதைக் காதால கேட்டார்கள். ஒருத்தர்கூட எழுந்து போய், 'சார், நெருப்பு இந்தப் பக்கம்'னு சொல்லலை.

ரன்வேக்குக் கொஞ்ச தூரத்தில், பவர் கேட்டபோது இடது இன்ஜின் முழுசா கைவிட்டது. கெக்வொர்த் என்கிற ஊருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

ஏன் சொல்லலை? 'கேப்டனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போகுது?' அவ்வளவுதான். இதை முதல் தடவை படிச்சப்போ புத்தகத்தை மூடிவெச்சிட்டு மொட்டைமாடிக்குப் போயிட்டேன். ஏன்னா, நானும் அந்த மாதிரி ஒரு சீட்டுல உட்கார்ந்திருக்கேன்.

டிப்ளமோ முடிச்சதும் எண்ணூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் அப்ரன்டிஸ். பேர் வேண்டாம். கம்ப்ரஸர் ஷெட்டில் ரெண்டு பெரிய கம்ப்ரஸர் எப்பவும் ஜோடியா ஓடும். ஒருநாள் செகண்ட் ஷிஃப்ட்ல 'டக் டக்'னு ஒரு சத்தம். தகர ஷெட், சத்தம் எங்கே இருந்து வருதுன்னே தெரியாது. நான் அப்பதான் ரெண்டாம் நம்பரைத் துடைச்சிட்டு வந்திருந்தேன். தொட முடியாத அளவுக்குச் சுட்டது. ஒண்ணாம் நம்பர் எப்பவும் போல இருந்தது. ஃபோர்மேன் வந்தார். காதைத் தீட்டிக் கேட்டார். நேரா போய் ஒண்ணாம் நம்பரை நிறுத்தினார்.

சத்தம் குறைஞ்ச மாதிரி இருந்தது. ரெண்டுல ஒண்ணை நிறுத்தினா மொத்த சத்தம் குறையாம என்ன செய்யும்! 'பார்த்தியா?'ன்னு எங்களைப் பார்த்துச் சிரிச்சார். எனக்கு உள்ளுக்குள்ள உறுத்திச்சு. சேர்ந்து நாலு மாசம்கூட ஆகலை. அவருக்கு 25 வருஷ சர்வீஸ். வாயைத் திறக்கலை. மொத்த லோடும் ரெண்டாம் நம்பர் தலையில் விழுந்து, பத்து நிமிஷத்துல வால்வு உடைஞ்சு, குழாய் ஜாயின்ட் பிய்ச்சுக்கிட்டு கொதிக்கிற எண்ணெய் அடிச்சது. பக்கத்துல நின்ன ஹெல்பர் அண்ணனோட வலது கை, முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு.

ஆஸ்பத்திரி வாசல்ல நான் அழுதுக்கிட்டே ஃபோர்மேன்கிட்ட உண்மையைச் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம், 'அப்பவே சொல்றதுக்கு இன்னாடா?'ன்னார். அவ்வளவுதான். அந்த அண்ணன் மூணு மாசம் கழிச்சு வேலைக்கு வந்தார். முழுக்கைச் சட்டைதான் போடுவார், சித்திரை வெயில்லகூட. என் மேல கோபம் இல்லைம்பார். அதுதான் தாங்காது.

விமானக்காரங்க இந்த வாய் திறக்காத வியாதிக்கு வைத்தியம் கண்டுபிடிச்சிருக்காங்க. கேப்டனுக்கும் கோ பைலட்டுக்கும் மட்டுமில்லை, கேபின் பணியாளர்களுக்கும் சேர்த்து வகுப்பு நடக்குது. சின்னவங்க எப்படிச் சொல்றது, பெரியவங்க எப்படிக் காது கொடுக்கிறதுன்னு. நம்ம காலேஜ் லேப்புலயும் ஒரு பீரியட் நடத்தலாம். வைவாவுல 'மேடம், நீங்க சொல்ற கனெக்‌ஷன் தப்பு'ன்னு சொல்லிப் பாருங்க, இன்டர்னல் மார்க் என்னாகும்னு தெரியும்!

போன வாரம் இந்தக் கட்டுரைக்காகவே காசிமேடு போனேன். விசைப்படகு டிரைவர் ஒருத்தர், 40 வருஷமா கடல்ல இருக்கார். இதைச் சொன்னதும் சிரிச்சார். "இதுக்குத்தான் தம்பி, கடல்ல லெஃப்ட்டு, ரைட்டுன்னு பேசினா கப்பல்காரன் ஒத்துக்க மாட்டான். நீ என் மூஞ்சியைப் பார்த்து நின்னா உன் லெஃப்ட்டு வேற, என் லெஃப்ட்டு வேற. கப்பலுக்கு ஒரே லெஃப்ட்டுதான். சிவப்பு லைட்டு எரியுற பக்கம்."

சரியான பாயின்ட்! கப்பலின் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. விமானமும் அதையே காப்பி அடிச்சிருக்கு. இடது றெக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை. இன்ஜின்களுக்கும் இடமிருந்து வலமாத்தான் நம்பர். பைலட் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்காரோ அதுதான் கணக்கு. பயணியும் அதே பக்கம்தான் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஆனா விமானப் பணிப்பெண் பல நேரம் நம்ம முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவங்க லெஃப்ட், நம்ம ரைட்.

ஆக, திருவொற்றியூர் தம்பி, அக்காகிட்ட ரெண்டே விஷயம் சொல்லி அனுப்புங்க. இன்ஜின் சத்தம் மாறினா பயப்பட வேண்டாம், டேக் ஆஃப் ஆன கொஞ்ச நேரத்தில் பவரைக் குறைப்பாங்க, அது நார்மல். ஆனா ஜன்னல்ல தீயையோ, புகையையோ நிஜமாவே பார்த்தா தலைக்கு மேல இருக்கற பட்டனை அமுக்கி, 'என் சீட் 14 ஏ, என் ஜன்னல் பக்கத்து இன்ஜின்'னு சொல்லச் சொல்லுங்க. லெஃப்ட், ரைட் குழப்பமே வராது. 'அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்'னு விட்டுட வேண்டாம். தெரிஞ்சிருந்தா ஒரு நன்றியோட போயிடும்.

அம்மாவை ராத்திரி எட்டு மணிக்கு மேல கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க. தூரத்தில் விமானம் போகும்போது விளக்கைப் பார்க்கச் சொல்லுங்க. சிவப்பு தெரிஞ்சா அது உங்க இடது கைப்பக்கமா போகுது, பச்சை தெரிஞ்சா வலது கைப்பக்கமா. ரெண்டும் சேர்ந்து தெரிஞ்சா உங்களை நோக்கித்தான் வருது. அடுத்த லீவுக்கு அக்கா வரும்போது அப்படித்தான் தெரியும்.